8.4 கோடி ரூபாய், 18 பந்துகள்: வருணுக்கு நியாயமான வாய்ப்பு கிடைத்ததா?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

ஆம்பூரிலிருந்து பேசுறேன். ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல உட்கார்ந்து கேட்கிறவங்க, விடியற்காலையில ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிச்சு சென்னைக்குப் போய்க்கிட்டே கேட்கிறவங்க, வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு நம்ம பக்கத்துக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒரு ஆட்டக்காரரைக் கோடிக்கணக்குல பணம் கொடுத்து ஒரு அணி வாங்குது. அவர் சரியா ஆடலைன்னு அனுப்பிடுது. உடனே நாம ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுறோம். ஒரு கட்சி, "காசு வாங்கினான், ஆடலை, போனான், இதுல என்ன இருக்கு?" என்கிறது. இன்னொரு கட்சி, "எங்கய்யா வாய்ப்பு கொடுத்தீங்க?" என்கிறது. ரெண்டு பக்கமும் சத்தம் அதிகம், கணக்கு குறைவு. அதனால கணக்கைக் கையில வெச்சுக்கிட்டுப் பேசலாம்னு தோணுச்சு. அதுக்கு நம்ம தமிழ்நாட்டு ஆளையே எடுத்துக்கிறேன். வருண் சக்கரவர்த்தி.

ஏலத்துக்கு முன்னாடி

இன்னைக்கு வருணைப் பத்திச் சொன்னா எல்லாருக்கும் 2025 சாம்பியன்ஸ் டிராபிதான் ஞாபகம் வரும். நான் பேசப்போறது அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி இருந்த வருண்.

பதினேழு வயசு வரைக்கும் விக்கெட் கீப்பர். ஜூனியர் அணிகள்ல இடம் கிடைக்கலை. கிரிக்கெட்டை விட்டுட்டு எஸ்ஆர்எம்-ல கட்டடக்கலை படிச்சார். ஐந்து வருஷப் படிப்பு. கொஞ்ச நாள் அந்த வேலையும் பார்த்தார். அப்புறம் வேகப்பந்து வீசுறவரா கிரிக்கெட்டுக்குத் திரும்பி வந்தார், முழங்கால்ல அடிபட்டது. அதுக்கப்புறம்தான் சுழல். டென்னிஸ் பந்துல பழகின விரல் வித்தையை லெதர் பந்துக்குக் கொண்டு வந்தார்.

2018 டிஎன்பிஎல்-ல மதுரை அணிக்கு ஆடினார். அந்த வருஷம் கோப்பை மதுரைக்கு. அதே சீசன்ல விஜய் ஹசாரே போட்டியில தமிழ்நாட்டுக்காக 9 ஆட்டம், 22 விக்கெட். ரஞ்சியில ஆடினது ஒரே ஒரு ஆட்டம். அவ்வளவுதான் அவருடைய மொத்த அனுபவம்.

2018 டிசம்பர் 18, ஜெய்ப்பூர்ல ஏலம். அவருடைய அடிப்படை விலை 20 லட்சம். கை மேல கை ஏறி, கடைசியில பஞ்சாப் அணி 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. அடிப்படை விலையைப் போல 42 மடங்கு. அன்னைக்கு ஜெய்தேவ் உனத்கட்டும் அதே விலைக்குப் போனார். அதைவிட அதிகமா அந்த ஏலத்துல யாரும் போகலை.

இந்த விலை எப்படி வந்ததுன்னு கவனிக்கணும். ஏலத்துல ஒருத்தருடைய விலையை அவருடைய திறமை மட்டும் தீர்மானிக்கிறதில்லை. ரெண்டு அணிக்கு ஒரே நேரத்துல ஒரே ஆள் வேணும்னா விலை ஏறும். விலையை ஏத்துறவங்க வேற ஆளுங்க, அந்த விலையைச் சுமக்கிறவர் வேற ஆள். 20 லட்சத்துக்கு வாங்கின பையன் முதல் ஆட்டத்துல அடி வாங்கினா "பாவம், சின்னப் பையன்" என்போம். 8.4 கோடின்னா அதே அடிக்கு "இதுக்கா இவ்வளவு?" என்போம்.

2019 மார்ச் 27, ஈடன் கார்டன்ஸ்

பஞ்சாபுக்காக வருண் ஆடின முதல் ஆட்டம். அதுவே கடைசி ஆட்டமும். எதிரணி கொல்கத்தா. பவர்பிளேயிலேயே பந்தை வருண் கையில கொடுத்தாங்க. எதிர்ல சுனில் நரைன். அந்த ஓவர்ல 25 ரன் போச்சு. ஐபிஎல்-ல அறிமுகமான யாருமே அதுவரைக்கும் தன்னுடைய முதல் ஓவர்ல அவ்வளவு ரன் கொடுத்ததில்லை.

எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்கிறது இந்த ஓவரை மட்டும்தான். அவருடைய முழுக் கணக்கைப் பாருங்க: 3 ஓவர், 35 ரன், 1 விக்கெட். முதல் ஓவர் 25-ன்னா, மீதி ரெண்டு ஓவர்ல எவ்வளவு? பத்து ரன். அதுல ஒரு விக்கெட்டும் உண்டு. அதுவும் 63 அடிச்சு நின்னுக்கிட்டிருந்த நிதிஷ் ராணா. அன்னைக்கு கொல்கத்தா 20 ஓவர்ல 218 அடிச்சது. ஓவருக்கு ஏறக்குறைய பதினொண்ணு. அந்த அடியில ரெண்டு ஓவருக்குப் பத்து ரன் கொடுத்தவரை மோசமா வீசினார்னு சொல்ல முடியுமா? முதல் ஓவர் அடியை வாங்கிட்டு, ஓரமா நின்னு யோசிச்சு, திரும்பி வந்து சரியா வீசியிருக்கார். ஒரு பயிற்சியாளர் தேட வேண்டிய குணமே அதுதான்.

அதுக்கப்புறம் விரல்ல காயம். சீசன் முடிஞ்சது. 2019 நவம்பர்ல பஞ்சாப் அவரை விடுவிச்சது. ஆக, 8.4 கோடிக்கு அவங்க பார்த்தது மூணு ஓவர், பதினெட்டுப் பந்து.

பஞ்சாப் பக்கத்து நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் பேசினா அது தீர்ப்பு ஆகாது. பஞ்சாப் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கு.

முதலாவது, காயம் யாருடைய குற்றமும் இல்லை. விரல் போன சுழல் பந்து வீச்சாளரை எந்த கேப்டனும் களத்துல இறக்க முடியாது. ரெண்டாவது, பவர்பிளேயில அவரைக் கொண்டு வந்தது முட்டாள்தனமான முடிவுன்னு ஒரே அடியாச் சொல்லிட முடியாது. கேப்டன் ரவிச்சந்திரன் அஸ்வின். சுழலைப் பத்தி அவருக்கு நாம பாடம் எடுக்க வேண்டியதில்லை. கையைப் பார்த்துப் படிக்க முடியாத ஒரு புதுப் பந்து வீச்சாளரை, முரட்டு அடி அடிக்கிற நரைனுக்கு எதிரா முதல்லயே விட்டுப் பார்க்கிறது ஒரு கணக்குதான். அன்னைக்கு அந்தக் கணக்கு பலிக்கலை.

மூணாவது, ஐபிஎல்-ல லீக் சுற்று 14 ஆட்டம்தான். ரெண்டு மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். "போகப் போகக் கத்துக்குவான்"னு விடறதுக்கு அங்கே நேரம் இல்லை. நாலு ஆட்டம் தோத்தா கேப்டன் பேரும் பயிற்சியாளர் பேரும்தான் நாறும்.

இதெல்லாம் சரி. ஆனா ஒரு கேள்விக்கு அவங்களால பதில் சொல்ல முடியாது. அந்த அணியில அஸ்வினே சுழல். ஆப்கானிஸ்தானோட முஜீப் சுழல். இன்னொரு தமிழ்நாட்டுக்காரர் முருகன் அஸ்வினும் சுழல். இத்தனை பேர் இருந்த சீசனுக்கு இன்னொருத்தரையும் அந்த ஏலத்தோட உச்ச விலைக்கு வாங்கினப்போ, அவர் எங்கே, எந்த ஓவர்ல வீசப்போறார்னு யாராவது முடிவு பண்ணியிருந்தாங்களா? அதோட, காயத்தால் பாதி பார்த்த ஆளை முழுசாப் பார்க்காமலேயே விட்டது ஏன்? 8.4 கோடி கொடுத்து அடுத்த வருஷமும் வெச்சிருக்க முடியாதுன்னா அது பணக் கணக்கு. அதைப் பணக் கணக்குன்னே சொல்லணும். "ஆள் சரியில்லை"ங்கிற பேச்சு வெளியில பரவவிடக் கூடாது.

அடுத்து என்ன நடந்தது

2019 டிசம்பர் ஏலத்துல கொல்கத்தா அவரை 4 கோடிக்கு எடுத்தது. பாதிக்கும் குறைவான விலை. அப்போ அந்த அணிக்கு கேப்டன் நம்ம தினேஷ் கார்த்திக். எந்த ஆட்டத்துல வருண் அடி வாங்கினாரோ, அதே ஆட்டத்துல எதிரணிக்குத் தலைமை தாங்கினவர். எல்லாரும் முதல் ஓவரைப் பார்த்தாங்க. அந்த அணி மத்த ரெண்டு ஓவரையும் பார்த்திருக்குன்னு நான் நினைக்கிறேன்.

2020-ல கொல்கத்தாவுக்கு அவருடைய முதல் ஆட்டம், ஹைதராபாத்துக்கு எதிரா: 4 ஓவர், 25 ரன், வார்னர் விக்கெட். முந்தின வருஷம் ஒரே ஓவர்ல போன 25 ரன், இப்போ நாலு ஓவருக்கு. அந்த சீசன்ல 13 ஆட்டம், 17 விக்கெட். டெல்லிக்கு எதிரா 20 ரன்னுக்கு 5 விக்கெட்.

கதை இதோட முடிஞ்சிருந்தா "பார்த்தீங்களா, வாய்ப்பு கொடுத்தா ஜெயிப்பான்"னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அடுத்து இந்திய அணியிலயும் இதே கதை திரும்ப நடந்தது. 2021 டி20 உலகக் கோப்பையில மூணு ஆட்டம் ஆடினார். ஒரு விக்கெட்கூட இல்லை. பாகிஸ்தான்கிட்ட பத்து விக்கெட் தோல்வி, நியூசிலாந்துகிட்ட எட்டு விக்கெட் தோல்வி. அதுக்கப்புறம் ஏறக்குறைய மூணு வருஷம் இந்திய அணிப் பக்கம் அவரை யாரும் கூப்பிடலை.

2023 ஐபிஎல்-ல 20 விக்கெட், 2024-ல 21 விக்கெட், கொல்கத்தாவுக்குக் கோப்பை. அந்த வருஷம் கொல்கத்தாவுக்கு வழிகாட்டியா இருந்த கௌதம் கம்பீர் இந்திய அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2024 அக்டோபர்ல குவாலியர்ல வருண் திரும்பி வந்தார். 2025-ல இங்கிலாந்துக்கு எதிரா ஐந்து டி20-யில 14 விக்கெட், தொடர் நாயகன். 33 வயசுல ஒருநாள் போட்டியில அறிமுகம். சாம்பியன்ஸ் டிராபியில மூணே ஆட்டத்துல 9 விக்கெட், இந்தியாவுக்குக் கோப்பை.

இந்தக் கதையில எனக்கு முக்கியமாப் படறது ஒண்ணு. ரெண்டு தடவையும் வாய்ப்பு திரும்பி வந்தது எப்படி? கிட்ட இருந்து அவரைப் பார்த்த ஒருத்தர் முடிவெடுக்கிற நாற்காலியில உட்கார்ந்தப்போ. முதல் தடவை கார்த்திக், ரெண்டாவது தடவை கம்பீர். திறமை அங்கேயேதான் இருந்தது. பார்த்த கண்தான் மாறுச்சு.

அமெரிக்காவுலயும் இதே சண்டை

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்கக் கால்பந்துல, அதாவது கையில பந்தைத் தூக்கிட்டு ஓடுற அந்த ஆட்டத்துல, ஏலம் கிடையாது. டிராஃப்ட்னு ஒண்ணு உண்டு. போன வருஷம் கடைசி இடத்துல வந்த அணிக்கு முதல் தேர்வு. கேட்க நியாயமா இருக்கு. ஆனா இதனால என்ன ஆகுதுன்னா, கல்லூரியிலிருந்து வர்ற நல்ல குவார்ட்டர்பேக் பையன், பெரும்பாலும் இருக்கிறதுலயே ஆட்டம் கண்டுபோன அணிக்குப் போய்ச் சேர்றான். குவார்ட்டர்பேக்தான் அங்கே ஆட்டத்தை நடத்துறவர். அவருக்கு முன்னாடி நின்னு காப்பாத்துற ஆளுங்க சரியில்லைன்னா அவர் என்ன பண்ணுவார்?

2018-ல ஜோஷ் ரோசன்னு ஒருத்தரைப் பத்தாவது தேர்வா அரிசோனா எடுத்தது. ஒரே வருஷம். 13 ஆட்டம் தொடங்கினார், மூணுல வெற்றி. அடுத்த வருஷமே அதே அணி, முதல் தேர்வா கைலர் மர்ரேங்கிற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துட்டு இவரை மியாமிக்கு அனுப்பிடுச்சு. ரோசன் அதுக்கப்புறம் எழவே இல்லை. அதே 2018-ல மூணாவது தேர்வா போன சாம் டார்னால்ட், முதல் அணியில தோத்து, "இவன் தேறமாட்டான்"னு பேர் வாங்கி, 2024-ல மினசோட்டாவுக்கு ஆடறப்போ அந்த அணி 17 ஆட்டத்துல 14 ஜெயிச்சது. முதல் அணி எழுதின மதிப்பெண் கடைசி மதிப்பெண் இல்லைங்கிறதுக்கு டார்னால்ட் சாட்சி. ரெண்டாவது கண் எல்லாருக்கும் கிடைக்காதுங்கிறதுக்கு ரோசன் சாட்சி.

நடராஜன்: ரெண்டு ஏலம்

நம்ம பக்கம் திரும்பி வருவோம். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன். அவரும் டென்னிஸ் பந்துல யார்க்கர் போட்டுப் பழகினவர். 2017-ல பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது, அடிப்படை விலை 10 லட்சம். 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கினது. 2018, 2019 ரெண்டு சீசன் பூரா ஒரு ஆட்டம்கூட இல்லை. 2020-ல 16 ஆட்டம், 16 விக்கெட். டிவில்லியர்ஸோட ஸ்டம்பைச் சாய்ச்ச அந்த யார்க்கரை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அதே பயணத்துல ஆஸ்திரேலியா போய் மூணு வடிவத்துலயும் இந்தியாவுக்கு அறிமுகம் ஆனார்.

அப்புறம் 2024 நவம்பர் ஏலம். டெல்லி 10 கோடியே 75 லட்சம் கொடுத்து எடுத்தது. 2025 சீசன்ல எத்தனை ஆட்டம் ஆடினார் தெரியுமா? ரெண்டு.

"சம்பளம் வந்துடுச்சே, உட்கார்ந்திருந்தா என்ன?" என்பாங்க. பணம் வந்தது உண்மை. ஆனா 34 வயசு வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு சீசன்ங்கிறது திரும்ப வாங்க முடியாத பொருள். ஹைதராபாத் ரெண்டு வருஷம் உட்கார வெச்சதுல, அவர் பெஞ்சுல இருந்தாலும் வலைப்பயிற்சியில வளர்ந்தார்னு ஒரு வாதமாவது வைக்கலாம். முப்பத்துநாலு வயசுல அந்த வாதம் நிக்காது.

நியாயம்னா என்ன?

அப்போ "நியாயமான வாய்ப்பு"ங்கிறதுக்கு அளவுகோல் என்ன? இத்தனை ஆட்டம்னு ஒரு எண் சொல்லிட முடியாது. நான் மூணு விஷயம் பார்ப்பேன்.

ஒண்ணு, அவர் எதுல கெட்டிக்காரரோ அந்த வேலையைக் கொடுத்தாங்களா? ரெண்டு, முதல் தடவை சறுக்கினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை கொடுத்தாங்களா? மூணு, எதைச் சரி பண்ணணும்னு உட்கார வெச்சுச் சொன்னாங்களா?

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்லை. ஷூ கம்பெனியில கட்டிங்குக்குப் புதுசா ஒரு ஆள் சேர்ந்தா, முதல் நாளே நல்ல தோலைத் தூக்கி அவர் முன்னாடி போடமாட்டாங்க. முதல்ல வேஸ்ட் துண்டு, அப்புறம் லைனிங், அதுக்கப்புறம்தான் மேல் தோல். தோலோட முதுகுப் பகுதி கெட்டியா இருக்கும், வயிற்றுப் பகுதி இழுக்கும். எந்தத் துண்டை எங்கே வெச்சு வெட்டணும்னு கை பழக நாளாகும். பக்கத்துல ஒரு மூத்த கை நின்னு சொல்லிக் கொடுக்கும். முதல் வாரம் வீணாப் போன தோலை வெச்சு அந்த ஆளை எடைபோடுற சூப்பர்வைசர் நல்ல சூப்பர்வைசர் இல்லை. கொஞ்ச நாள் கழிச்சு வீண் குறையுதான்னு பார்க்கிறவர்தான் நல்லவர்.

இந்த மூணையும் வெச்சுப் பார்த்தா 2019 வருணுக்கு என் தீர்ப்பு: அவருக்கு நியாயமான வாய்ப்பு கிடைக்கலை. காயம் பாதிக் காரணம், அணி பாதிக் காரணம். முதல் ஓவர்ல விட்டதைத் தப்புன்னு சொல்லமாட்டேன். பார்க்காமலேயே விட்டதைத் தப்புன்னு சொல்வேன். 2021 இந்திய அணி விஷயத்துல இன்னும் அழுத்தமாச் சொல்வேன். மூணு ஆட்டத்துக்கு மூணு வருஷம்ங்கிறது தண்டனை.

பதினெட்டுப் பந்துகூட இல்லாதவங்க

இப்போ இதை ஏன் ஆம்பூர்ல உட்கார்ந்து பேசணும்?

வருணுக்கு 18 பந்தாவது கிடைச்சது. அது டிவியில வந்தது, எண்கள் பதிவாச்சு. அதனாலதான் நாம இன்னைக்கு "மீதி ரெண்டு ஓவர்ல பத்து ரன்தான்"னு வாதாட முடியுது. நான் ஞாயித்துக்கிழமைகள்ல பசங்களுக்குப் பந்து வீசச் சொல்லிக் கொடுக்கிறேன். டேனரி வேலைக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க, ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல உட்கார்ற அம்மாக்களோட பிள்ளைங்க. சில வருஷம் முன்னாடி ரெண்டு பேரை ஒரு தேர்வுக்குக் கூட்டிட்டுப் போனேன். காலையில ஆறு மணிக்குப் போய் நின்னோம். மதியம் ரெண்டரைக்குப் பேர் கூப்பிட்டாங்க. ஆளுக்கு ஆறு பந்து. ஒரு தம்பி அதுவரைக்கும் புது லெதர் பந்தைத் தொட்டதே இல்லை. முதல் பந்து கையிலிருந்து வழுக்கி எங்கேயோ போச்சு. ரெண்டாவதும் அப்படித்தான். அஞ்சாவது பந்து சரியான இடத்துல விழுந்தது, ஆறாவது ஸ்டம்புல பட்டது. அதுக்குள்ள எழுதுறவர் அடுத்த பேரைக் கூப்பிட்டாச்சு.

ஒரே நாள்ல நூத்துக்கணக்கான பசங்களைப் பார்க்கணும்னா ஆறு பந்துக்கு மேல முடியாதுன்னு அவங்க சொல்வாங்க. அது நிஜமும்கூட. ஆனா அதுக்கு வழி இல்லாம இல்லை. தேர்வுக்கு முன்னாடி அரை மணி நேரம் அந்தப் பந்துலயே வீசிப் பழக விடலாம். முதல் நாள் ஆறு பந்து, அதுல பாதிப் பேரை அடுத்த வாரம் திரும்பக் கூப்பிட்டு மூணு ஓவர்னு வைக்கலாம். வேண்டாம்னு சொல்ற பையன்கிட்ட ஏன்னு ஒரு வரி சொல்லி அனுப்பலாம். பந்து வாங்கக் காசில்லாத மைதானங்களுக்கு வருஷத்துக்கு ஒரு டஜன் பந்து கொடுக்கலாம். எதுவும் கோடிக் கணக்கு இல்லை.

நடராஜனைச் சின்னப்பம்பட்டியில ஜெயப்பிரகாஷ்ங்கிற ஒருத்தர் பார்த்தார். விடாம சென்னை வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்தார். அந்த ஒரு கண் இல்லைன்னா மூணு கோடியும் இல்லை, பத்தே முக்கால் கோடியும் இல்லை. நம்ம பாலாற்றங்கரை மைதானங்கள்ல அப்படிப் பார்க்கிற கண்ணுங்க எத்தனை இருக்கு? ஐபிஎல் அணி செஞ்ச அநியாயத்தை ராத்திரி பூராப் பேசுற நாம, ஞாயித்துக்கிழமை காலையில நம்ம தெரு டீம்ல ஒரு ஓவர் அடி வாங்கின பையனுக்கு ரெண்டாவது ஓவர் கொடுக்கிறோமா? பெரும்பாலும் இல்லை. "நீ போய் பவுண்டரியில நில்லு" என்கிறோம்.

அணி முதலாளிகளை மாத்த நம்மால முடியாது. அந்த ரெண்டாவது ஓவரைக் கொடுக்க முடியும். இந்த வாரம் உங்க டீம்ல கேப்டன் யாரோ, அவருக்கு இந்த எபிசோடை அனுப்பி வைங்க.

வருணுக்கு ஆறு வருஷத்துல எத்தனை தடவை நியாயம் கிடைச்சது, எத்தனை தடவை கிடைக்கலைங்கிறதுல உங்க கணக்கு வேற மாதிரி இருந்தா, குரல் பதிவா அனுப்புங்க. நல்ல வாதமா இருந்தா அடுத்த எபிசோட்ல போடுறேன்.